கீழே இருக்கும் எண்ணில் கை வைக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். மகன் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கிறான். கணக்கில் கெட்டி. ஆனால் வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். டியூஷனில் கேட்டால், “எண்ணைப் போட்டுப் போட்டுப் பாரு, வந்துரும்” என்கிறார்களாம். “எதைப் போடுவது, எங்கே தொடங்குவது, எப்போது நிறுத்துவது, ஒன்றுமே புரியவில்லை என்கிறான். இதற்கு ஒரு முறை இருக்கிறதா மாஷே?”

இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று. இருபது வருஷத்துக்கு மேல் கேரளத்துப் பாலக்காட்டின் சித்தூர்த் தாலுக்காவில் இந்தப் பாடத்தை எடுத்தவன் நான். “சமன் செய்ய வரல சார்” என்று வந்த பிள்ளைகள் பலருக்குச் சமன் செய்வது நன்றாகவே வந்தது. வராதது அதற்கு முந்தைய வேலை, பொருளின் வாய்பாட்டைப் பிழையில்லாமல் எழுதுவது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மெக்னீசியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதினேன். (இங்கே குறியீடுகளையும் தமிழிலேயே எழுதப் போகிறேன். வகுப்பில் வாயால் சொல்வதுபோல எச் என்றால் ஹைட்ரஜன், ஓ ஆக்சிஜன், சி கார்பன், சிஎல் குளோரின், எம்ஜி மெக்னீசியம். எம்ஜி என்று நான் நிறுத்தினால் பின் பெஞ்சில் யாராவது ‘ஆர்’ என்று முடிப்பார்கள். எம்.ஜி.ஆரின் குடும்ப ஊரான வடவன்னூர் பக்கத்தில்தானே இருக்கிறது, என்ன செய்ய.) நான் எழுதியது இது:

2எம்ஜி + 2எச்சிஎல் → 2எம்ஜிசிஎல் + எச்₂

சமன் என்றால் ஒவ்வோர் அணுவும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். மெக்னீசியம் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஹைட்ரஜன் இரண்டுக்கு இரண்டு, குளோரினும் அப்படியே. திருப்தியோடு சாக்பீஸைக் கீழே வைத்தபோது ஒரு பெண் எழுந்து, “சார், மெக்னீசியத்துக்கு இணைதிறன் ரெண்டுதானே?” என்று கேட்டாள். (ஓர் அணு எத்தனை ஹைட்ரஜனோடு, அல்லது குளோரினோடு, சேரும் என்ற எண்தான் இணைதிறன்.) எம்ஜிசிஎல் என்று ஒரு பொருளே பாட்டிலில் கிடையாது. மெக்னீசியம் குளோரைடு என்பது எம்ஜிசிஎல்₂. சரியான சமன்பாடு:

எம்ஜி + 2எச்சிஎல் → எம்ஜிசிஎல்₂ + எச்₂

வாய்பாடு தப்பாக இருந்தாலும் கணக்கு அழகாகச் சமனாகிவிடும், அதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆகவே உங்கள் பையனிடம் முதலில் சோதிக்க வேண்டியது இணைதிறன். சோடியம், பொட்டாசியம் ஒன்று, கால்சியம், மெக்னீசியம் இரண்டு, அலுமினியம் மூன்று, குளோரைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட் ஒன்று, ஆக்சைடு, கார்பனேட், சல்பேட் இரண்டு, பாஸ்பேட் மூன்று. இவ்வளவும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். பெருக்கல் வாய்பாடு மாதிரி இதற்கும் மனப்பாடம்தான், வேறு வழியில்லை. கூடவே தனியாக வராத ஏழு பேரையும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். இவை தனிமமாக வரும்போது இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வரும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வெளியே யாருக்கும் தெரியாது. பள்ளிப் புத்தகத்தில் இடப்பக்கத்துக்கு ‘வினைபடுபொருள்’, வலப்பக்கத்துக்கு ‘வினைவிளைபொருள்’ என்று இருக்கும். டியூஷன் மலையாளத்தில் நடக்கும். அங்கே ‘அபிகாரகம்’, ‘உல்பன்னம்’. சமன்பாட்டுக்கு ‘சமவாக்கியம்’ என்பார்கள். பிள்ளைகள் இரண்டையும் கலந்து குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ‘சமவாக்கியம்’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதற்குள் ‘வாக்கியம்’ இருக்கிறதே. சமன்பாடு என்றால் பையன் உடனே கணக்கு நோட்டைத் திறக்கிறான், அங்கே எக்ஸை இஷ்டத்துக்கு மாற்றலாம். வாக்கியம் என்றால் வேறு. வாக்கியம் சரியாக வரவில்லை என்பதற்காக ஆளின் பெயரையே மாற்றி எழுத முடியுமா? ‘மாரியப்பன்’ நீளமாக இருக்கிறது என்று ‘மாரி’ என்று எழுதினால் அது வேறு யாரோ ஆகிவிடும்.

வாய்பாட்டில் கீழே இருக்கும் சின்ன எண் பெயரின் பகுதி. முன்னால் போடும் பெரிய எண் எத்தனை என்ற கணக்கு. அதற்குக் கெழு என்று பெயர். நம் கை கெழுவோடு நிற்க வேண்டும்.

எல்லோரும் முதலில் விழும் குழி தண்ணீர்தான்.

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ

இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. கணக்கில் கெட்டியான பையன் என்ன செய்வான்? வலப்பக்கம் ஓ-வுக்குக் கீழே ஒரு 2 போடுவான். எச்₂ஓ₂. எல்லாம் சமம்! ஆனால் எச்₂ஓ₂ தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஷாப்பில் புண்ணைக் கழுவ வாங்குகிறோமே, நுரைத்துக்கொண்டு வருமே, அது. தண்ணீர் என்று தொடங்கி அதை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்பேன். சிரிப்பார்கள், ஆனால் அதற்கப்புறம் மறக்க மாட்டார்கள். இன்னும் சிலர் இடப்பக்கம் ஓ₂-வில் இருந்த 2-ஐ அழித்துவிட்டு ஓ என்று வைப்பார்கள். என் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் நானே அதைத்தான் செய்தேன். மார்க் போனது.

சரியான வழி: வலப்பக்கத் தண்ணீர் இரண்டு வேண்டும், அப்போது ஆக்சிஜன் இரண்டு ஆகும். அதனால் ஹைட்ரஜன் நான்காகிவிடும். ஆகவே இடப்பக்கம் எச்₂ இரண்டு.

2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ

தண்ணீர் எச்₂ஓ தான் என்பது யாரும் எழுந்தவுடன் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அணுக் கொள்கையை வகுத்த டால்டனே 1808-இல் வெளியான தன் புத்தகத்தில் தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றுதான் வைத்திருந்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயு ஒரு பங்கு ஆக்சிஜனோடு சேர்கிறது என்று கே-லுசாக் அளந்து காட்டினார். ஆக்சிஜன் வாயுவில் அணுக்கள் ஜோடியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிறது என்று அவோகாட்ரோ 1811-இல் சொன்னார். அதைப் பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த மாநாட்டில் கன்னிசாரோ வந்து எடுத்து விளக்கிய பிறகுதான் ஒரு தெளிவு பிறந்தது. இவ்வளவு சண்டை போட்டுத் தீர்மானித்த 2-ஐ நம் பையன் ஒரு ரப்பரால் அழித்துவிடப் பார்க்கிறான்.

(அந்த எண் எப்போதும் கீழே இருக்கவும் இல்லை. எழுத்துக் குறியீடுகளைக் கொண்டுவந்த பெர்சீலியஸ் அதை மேலேதான் எழுதினார், நாம் வர்க்கம் எழுதுவதுபோல. பிற்பாடுதான் கீழே இறங்கியது. மேலேயே இருந்திருந்தால் நம் பிள்ளைகள் அதைப் பெருக்கியிருப்பார்கள்.)

இனி ‘ஜோடி’ விவகாரத்துக்கு வருவோம், பாதித் தலைவலி அதில்தான். வாணியங்குளம் மாட்டுச் சந்தையில் ஏர் மாடு வாங்கப் போகிறீர்கள், வியாபாரி ஜோடியைப் பிரித்துத் தர மாட்டேன் என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று மாடு வேண்டும். ஒன்றரை ஜோடி தர மாட்டான். பக்கத்துத் தோட்டக்காரருக்கும் மூன்று மாடு வேண்டுமாம். இருவரும் சேர்ந்து மூன்று ஜோடி வாங்கி ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். அலுமினியம் ஆக்சைடில் நடப்பது இதுவேதான்.

ஏஎல் + ஓ₂ → ஏஎல்₂ஓ₃

வலப்பக்கம் ஆக்சிஜன் மூன்று, அது ஒற்றைப்படை. இடப்பக்கம் ஓ₂ ஜோடியாக வருவதால் எப்போதும் இரட்டைப்படைதான் கிடைக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவாக வருவது ஆறு. ஆகவே வலப்பக்கம் ஏஎல்₂ஓ₃ இரண்டு, இடப்பக்கம் ஓ₂ மூன்று. வலப்பக்கம் அலுமினியம் இப்போது நான்கு, இடப்பக்கமும் நான்கு போட்டால் முடிந்தது.

4ஏஎல் + 3ஓ₂ → 2ஏஎல்₂ஓ₃

ஒற்றைப்படை ஆக்சிஜனைக் கண்டால் உடனே வலப்பக்கத்தை இரட்டிப்பாக்கிப் பார் என்று சொல்லிக் கொடுங்கள். பாதிக் கேள்விகள் அதிலேயே அவிழும்.

எங்கே தொடங்குவது என்று பையன் கேட்கிறான் அல்லவா? ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கும் தனிமத்தில் தொடங்கு. பல இடத்தில் பரவிக் கிடப்பதைப் பிறகு பார். தனியாக நிற்கும் தனிமம், அதாவது ஓ₂, எச்₂, வெறும் இரும்பு போன்றவை, எல்லாவற்றுக்கும் கடைசி. ஏன் கடைசி? ஓ₂-வுக்கு முன்னால் எந்த எண் போட்டாலும் ஆக்சிஜன் மட்டும்தான் மாறும், வேறு எதையும் அது கலைக்காது. கலைக்காததைக் கடைசியில் வைத்துக்கொள்வதுதானே புத்தி.

வீட்டு அடுப்பில் இதைப் பார்க்கலாம். சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும். பியூட்டேன் சி₄எச்₁₀. எரிந்தால் கார்பன்-டை-ஆக்சைடும் நீராவியும்.

சி₄எச்₁₀ + ஓ₂ → சிஓ₂ + எச்₂ஓ

ஆக்சிஜன் மூன்று இடத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். கார்பன் இடப்பக்கம் நான்கு, ஆகவே சிஓ₂ நான்கு. ஹைட்ரஜன் பத்து, ஆகவே எச்₂ஓ ஐந்து. இப்போது வலப்பக்க ஆக்சிஜனை எண்ணு: நான்கு சிஓ₂-வில் எட்டு, ஐந்து தண்ணீரில் ஐந்து, மொத்தம் பதின்மூன்று. ஒற்றைப்படை! ஆறரை ஜோடி வேண்டும். சரி, தயங்காமல் ஆறரை என்றே ஓரத்தில் பென்சிலால் எழுதட்டும், அப்புறம் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கட்டும்.

2சி₄எச்₁₀ + 13ஓ₂ → 8சிஓ₂ + 10எச்₂ஓ

பின்னம் எழுதுவது தப்பா என்று கேட்பார்கள். கல்லூரியில் வெப்பக் கணக்கு போடும்போது அரை மோல் ஆக்சிஜன் என்று எழுதுவது சகஜம். பள்ளிப் பரீட்சையில் முழு எண்ணாக, அதுவும் சுருக்க முடிந்த அளவு சின்ன முழு எண்ணாக எழுதிவிட வேண்டும். 4எச்₂ + 2ஓ₂ என்று எழுதியிருந்தால் இரண்டால் வகுத்துவிடச் சொல்லுங்கள்.

இந்த அடுப்புச் சமன்பாட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால் பையனுக்கு ஒரு விஷயம் உறைக்கும். சிலிண்டரில் 14.2 கிலோ காஸ் இருக்கிறது. அதை முழுக்கப் பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். எரிந்து முடியும்போது சுமார் 43 கிலோ கார்பன்-டை-ஆக்சைடும் 22 கிலோ நீராவியும் உண்டாகும். பதினாலு கிலோ போட்டு அறுபத்தைந்து கிலோ எடுப்பதா என்று முகத்தைச் சுளிப்பான். மீதி சுமார் 51 கிலோ அடுப்படிக் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். சமன்பாட்டில் அந்த 13 எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எதுவும் புதிதாக உண்டாகவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை என்பதைத் தராசு வைத்து நிலைநிறுத்தியவர் பிரான்ஸின் லவாய்சியர். 1789-இல் அவர் புத்தகம் வந்தது. 1794-இல் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். அதற்கும் வேதியியலுக்கும் சம்பந்தமில்லை, அவர் வரி வசூல் குத்தகைக்காரராகவும் இருந்தார்.

எங்கள் ஊர்ப் பாடம் இதைவிட ருசியானது. கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்குச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் வண்டி போகிறது. விடியலில் இறக்கும்போது இனிப்பாக இருக்கும் நீர், வெயில் ஏற ஏற நுரைத்துக்கொண்டு பானையின் வாய்க்கு வரும். அந்த நுரைக்குள் இருப்பது கார்பன்-டை-ஆக்சைடு. ஈஸ்ட் செய்யும் வேலை. இனிப்பு, அதாவது சுக்ரோஸ், சி₁₂எச்₂₂ஓ₁₁. அது ஒரு தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு எத்தனாலாக, சி₂எச்₅ஓஎச்சாக, மாறுகிறது.

சி₁₂எச்₂₂ஓ₁₁ + எச்₂ஓ → 4சி₂எச்₅ஓஎச் + 4சிஓ₂

பார்க்கவே மிரட்டும். ஆனால் எண்ணினால் குழந்தை. ஹைட்ரஜன் எத்தனாலில் மட்டும்தான் போகிறது. இடப்பக்கம் 22-ம் 2-ம் 24. ஓர் எத்தனாலில் ஹைட்ரஜன் ஆறு (ஐந்தும், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றும், அந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்). இருபத்துநாலை ஆறால் வகுத்தால் நான்கு. நான்கு எத்தனாலில் கார்பன் எட்டு போய்விட்டது, பன்னிரண்டில் மீதி நான்கு, அவை சிஓ₂. ஆக்சிஜன் தானாகவே பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வந்து நிற்கும். கடைசித் தனிமம் தானாகச் சரியாகிவிட்டால் உங்கள் வேலை சரி என்று அர்த்தம். அது சரியாகாவிட்டால் முன்னால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது, அங்கே திரும்பிப் போக வேண்டும். கடைசித் தனிமத்தை வலுக்கட்டாயமாகச் சமப்படுத்தாதே என்று பிள்ளைகளிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

கள் வேண்டாம், பதநீர் வேண்டும் என்றால் பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு ஈஸ்டை வேலை செய்யவிடாது. சுண்ணாம்புக்கும் மூன்று வரியில் ஒரு கதை உண்டு. வாளையாற்றில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் தோண்டினார்களே, அந்தக் கல்லைச் சூடாக்கினால்:

சிஏசிஓ₃ → சிஏஓ + சிஓ₂

சிஏ என்பது கால்சியம். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு நீறும்:

சிஏஓ + எச்₂ஓ → சிஏ(ஓஎச்)₂

வெள்ளை அடித்த சுவர் நாள்பட நாள்பட இறுகுவது, காற்றிலிருக்கும் கார்பன்-டை-ஆக்சைடை அது வாங்கிக்கொள்வதால்:

சிஏ(ஓஎச்)₂ + சிஓ₂ → சிஏசிஓ₃ + எச்₂ஓ

மறுபடியும் கல்! இந்த மூன்றையும் நான் பரீட்சையில் கொடுப்பேன், சமன் செய் என்று. மூன்றுமே ஏற்கெனவே சமம். ஒரு எண்ணும் போட வேண்டியதில்லை. ஆனாலும் பாதிப் பேர் எங்காவது ஒரு 2-ஐப் போட்டுக் கெடுத்துவிட்டு வருவார்கள், ஒன்றும் செய்யாமல் விட்டால் மார்க் போய்விடுமோ என்ற பயத்தில். எண்ணிப் பார், சமமாக இருந்தால் நிறுத்து. நூறு கிலோ கல் சுட்டால் ஐம்பத்தாறு கிலோ சுண்ணாம்பு, நாற்பத்துநாலு கிலோ புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது என்பதும் முதல் வரியில் இருக்கிறது. கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று வைத்துக் கூட்டிப் பார்க்கலாம்.

அடைப்புக்குறிக்கு இப்போது வருவோம். சிஏ(ஓஎச்)₂ என்றால் அடைப்புக்குள் இருப்பது எல்லாமே இரண்டு: ஆக்சிஜன் இரண்டு, ஹைட்ரஜன் இரண்டு. முன்னால் 3 என்ற கெழு வந்தால் எல்லாமே மும்மடங்கு: கால்சியம் மூன்று, ஆக்சிஜன் ஆறு, ஹைட்ரஜன் ஆறு. பிள்ளைகள் கெழுவால் முதல் எழுத்தை மட்டும் பெருக்கிவிட்டு நிறுத்துவார்கள். ஆனால் சல்பேட், பாஸ்பேட், நைட்ரேட் போன்றவை இரண்டு பக்கமும் உடையாமல் அப்படியே வந்தால், அவற்றைப் பிரித்து எண்ணவே கூடாது. கூட்டுக் குடும்பமாகவே எண்ண வேண்டும்.

சிஏ(ஓஎச்)₂ + எச்₃பிஓ₄ → சிஏ₃(பிஓ₄)₂ + எச்₂ஓ

பி என்பது பாஸ்பரஸ், பிஓ₄ பாஸ்பேட், எச்₃பிஓ₄ பாஸ்பாரிக் அமிலம். பாஸ்பேட் வலப்பக்கம் இரண்டு, ஆகவே அமிலம் இரண்டு. கால்சியம் மூன்று, ஆகவே சுண்ணாம்பு மூன்று. மீதி ஓஎச் ஆறும் அமிலத்தின் எச் ஆறும் சேர்ந்து தண்ணீர் ஆறு. முடிந்தது: 3, 2, 1, 6. இதையே பாஸ்பரஸ் தனி, ஆக்சிஜன் தனி என்று எண்ணத் தொடங்கியிருந்தால் ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்கியிருப்பான்.

இன்னொரு சௌகரியம், என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்தால் எண்ணே தானாக வரும். இரும்புத் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலைச் சமன்பாட்டில் எஃப்இ₂ஓ₃-உம் (எஃப்இ என்றால் இரும்பு) சிஓ-வும் வினைபுரிந்து இரும்பும் சிஓ₂-வும் ஆகின்றன. ஒவ்வொரு சிஓ-வும் தாதுவிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு சிஓ₂ ஆகிறது. தாதுவில் ஆக்சிஜன் மூன்று, ஆகவே மூன்று சிஓ வேண்டும். அவ்வளவுதான்.

எஃப்இ₂ஓ₃ + 3சிஓ → 2எஃப்இ + 3சிஓ₂

பையன் கணக்கில் கெட்டி என்றீர்கள். அவனுக்கு ஒரு விருந்து சொல்லித் தருகிறேன். எண்ணே வராமல் மாட்டிக்கொண்டால் இயற்கணிதம் போடலாம். இரும்பு பைரைட்டை, எஃப்இஎஸ்₂-வை, எரிக்கிறோம் (எஸ் என்றால் கந்தகம்). கெழுக்களுக்கு க, ச, த, ப என்று பெயர் வைக்கட்டும்:

க எஃப்இஎஸ்₂ + ச ஓ₂ → த எஃப்இ₂ஓ₃ + ப எஸ்ஓ₂

இரும்பைப் பார்த்தால் க என்பது 2த. கந்தகத்தைப் பார்த்தால் ப என்பது 2க. ஆக்சிஜனைப் பார்த்தால் 2ச = 3த + 2ப. த-வை ஒன்று என்று வைத்தால் க இரண்டு, ப நான்கு, 2ச பதினொன்று, ச ஐந்தரை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கு: 4, 11, 2, 8. பதினொன்றை ‘போட்டுப் பார்த்து’ யார் கண்டுபிடிப்பது? ஆனால் எடுத்ததற்கெல்லாம் இதைப் போட்டால் பரீட்சையில் நேரம் போய்விடும். எட்டு வரியில் இது, மூன்று வரியில் அது என்றால் மூன்று வரியே மேல்.

எழுதும் முறை பற்றி ஒரே ஒரு யோசனை. சமன்பாட்டுக்கு நேர் கீழே பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போடட்டும், தனிமத்தின் பெயர், இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை. ஒவ்வொரு கெழு போட்டதும் கட்டத்தை அழித்துத் திருத்தட்டும். சோம்பேறித்தனப்பட்டு மனதுக்குள் எண்ணுபவர்கள்தான் ஆக்சிஜனை விட்டுவிடுகிறார்கள். கெழுவைப் பொருளின் முன்னால்தான் எழுத வேண்டும், எச்₂-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் செருகக் கூடாது. இதையும் செய்பவர்கள் உண்டு.

சமனாகிவிட்டால் அந்த வினை நடக்கும் என்றும் அவன் நினைத்துவிடக் கூடாது. செம்பையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வைத்து, செம்பு குளோரைடும் ஹைட்ரஜனும் வரும் என்று அழகாகச் சமன் செய்துவிடலாம். செம்பு ஹைட்ரஜனை வெளியேற்றாது, ஆகவே பீக்கரில் ஒன்றும் நடக்காது. நோட்டில் மட்டும் நடக்கும்.

இன்று இரவே அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி மூடி வைக்கட்டும். (கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணுக்கு ரொம்பப் பொல்லாதது.) காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வேறு டம்ளரில் வடித்து, ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதட்டும். உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும். நீர் பால்போல் வெளுக்கும், நம் மூச்சிலிருக்கும் சிஓ₂ சுண்ணாம்போடு சேர்ந்து சிஏசிஓ₃ ஆகிறது. மேலே எழுதிய சுவர் சமன்பாடு இதுவேதான். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்த வெண்மை மெல்லக் கலைந்து மறுபடி தெளியப் பார்க்கும்:

சிஏசிஓ₃ + எச்₂ஓ + சிஓ₂ → சிஏ(எச்சிஓ₃)₂

இதில் எங்கே எண் போட வேண்டும் என்று அவனிடம் கேளுங்கள். “வேண்டாம், ஏற்கெனவே சமம்” என்று சொன்னால் அவனுக்கு வந்துவிட்டது. எங்காவது ஒரு 2-ஐச் செருகினால், கட்டத்தைப் போடச் சொல்லி மறுபடி எண்ண விடுங்கள். செம்பும் நைட்ரிக் அமிலமும் வைத்து 3, 8, 3, 2, 4 என்று வரும் ஒரு பூதம் கைடுகளில் உலவுகிறது. அதில் நைட்ரஜன் ஒரே நேரத்தில் இரண்டு வழியாகப் பிரிந்து போகும். அதற்கு ஆக்சிஜனேற்ற எண் தெரிய வேண்டும், பிளஸ் ஒன் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.